அண்ணன் லீவில் வந்த வருடம்

முந்தலிலிருந்து புத்தளம் போகிற பெரிய றோட்டில், கடல்நீர்க் களப்புப் பக்கமாக ஒரு சாராயத் தவறணை இருக்கிறது. பெயர்ப்பலகையில் உணவகம் என்று மூன்று மொழிகளிலும் எழுதியிருந்தாலும் ஊரில் யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை. நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்களில் நான் அங்கே சமையல் வேலைக்குப் போனேன். என் கணவர் காவல் பார்த்த இறால் பண்ணையில் நோய் விழுந்து, குளங்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. பண்ணைக்காரர் படலையைப் பூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்துத் தவறணையில் சமைத்தவரும் கட்டாருக்குப் போயிருந்தார். கோயில் திருநாளில் நான் உறைப்பாகப் பிரட்டிச் செய்த இறால் டெவலை எப்போதோ சாப்பிட்டிருந்த முதலாளி, ஆள்விட்டுக் கேட்டார். என் கணவர் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு சரி என்றார்.

சாராயம் விற்கிற இடத்தில் பெண்கள் வேலை செய்யக்கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். அதனால் முதலாளி பின்வளவில் குசினியைத் தனியாகக் கட்டி, நடுச்சுவரில் ஒரு சின்ன ஜன்னல் மட்டும் விட்டிருந்தார். அந்த ஜன்னலால் தட்டுப் போகும், வெறுந்தட்டு வரும். நான் பின் ஒழுங்கையால் வந்து பின் ஒழுங்கையாலேயே போவேன். மத்தியானம் போனால் பொழுது பட்டதும் கணவர் சைக்கிளோடு வந்து நிற்பார்.

அங்கே வந்து குடித்தவர்களை நான் முகம் பார்த்து அறிந்ததில்லை. குரலும் குடியோடு கொறிக்க அவர்கள் கேட்கிற பைட்டும்தான் எனக்கு அடையாளம். மரவள்ளிப் பொரியல் கேட்கிறவர் ஒருவர் எப்போதும் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் பேசுவார். கடலை போதும் என்கிறவர் வேறு யாராவது டெவல் வாங்கினால் அதிலும் கை வைப்பார். அதற்காக ஏச்சு வாங்குவார். கடல் கொந்தளித்து வள்ளம் இறங்காத நாட்களில் நான் வருவதற்கு முந்தியே கூட்டம் சேர்ந்திருக்கும். முதலில் மீன் விலை, பிறகு அரசியல், அதன்பிறகு பழைய கோபம். கடைசியில் ஒருவர் பாடுவார். மற்றவர்கள் மேசையில் தட்டுவார்கள். பாட்டு நல்லாக இருந்தால் எனக்கு அழுகை வரும். வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிடுவேன்.

மார்கழி வந்தால் குரல்கள் மாறும். இத்தாலியிலும் டுபாயிலும் கொரியாவிலும் வேலை செய்கிறவர்கள் கிறிஸ்து பிறப்பான நத்தாருக்கு லீவில் வருவார்கள். அவர்கள் முதல் கிழமை ஏழு நாளும் எல்லாருக்கும் வாங்கிக் கொடுப்பார்கள். இரண்டாம் கிழமை வீட்டில் நடக்கிற சண்டையைச் சொல்வார்கள். மூன்றாம் கிழமை சத்தமாகச் சிரிப்பார்கள். திரும்பிப் போகப் பயம் வந்துவிட்டது என்று அந்தச் சிரிப்பைக் கேட்டாலே விளங்கும்.

அப்படி ஒரு மார்கழியில்தான் என் அண்ணன் இத்தாலியிலிருந்து வந்தார்.

எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. அண்ணன் இளவட்டமாக இருக்கும்போதே போனவர். அங்கேயே எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தியைக் கலியாணம் முடித்தார். ஒரு மகளும் பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புக்கும் வந்துவிட்டாள். அண்ணன் அங்கே ஒரு வயதான மனிதரின் வீட்டில் தங்கி அவரைப் பராமரிக்கிற வேலை செய்தார். இடையில் இரண்டு முறைதான் ஊருக்கு வந்திருந்தார். இந்தமுறை வான் வண்டியில் இருந்து இறங்கியபோது தனியாக இறங்கினார். தலைமயிர் அரைவாசி நரைத்திருந்தது.

“அண்ணியும் மகளும் எங்க?” என்று கேட்டேன்.

“மகளுக்குப் படிப்பு. ஈஸ்டருக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் ரெண்டு பேரும் வருவாங்க. எனக்கு லீவு கிடைச்சுது, நான் முந்திட்டேன்” என்றார்.

நான் அவருக்காக ஒதுக்கியிருந்த அறைக்குள் பெட்டிகளை வைத்தோம். பக்கத்து அறையை என் மருமகளுக்கு, அண்ணன் மகளுக்கு, என்று சுண்ணாம்பு அடித்தோம். அண்ணனே ஏணியில் ஏறி அடித்தார். வேலை முடிந்ததும் வாசலில் நின்று, “அவளுக்கு நீலம்தான் பிடிக்கும், ஆனா வெள்ளையும் பரவாயில்ல” என்றார்.

வந்த முதல் கிழமையே எங்களைக் கற்பிட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சண்டை முடிந்த பிறகு அந்தக் கடற்கரையில் ஹோட்டல்கள் முளைத்திருந்தன. வெள்ளைக்காரர்கள் இடுப்பில் பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு காற்றோடு கடலில் சறுக்குவார்கள். குறிஞ்சிப்பிட்டியைத் தாண்டி மணல் பாதையில் ஓட்டோ குலுங்கிக் குலுங்கிப் போனது. ஓட்டோ ஓட்டியவர் சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, சின்னப் பிள்ளையாகத் தாய் தகப்பனோடு வள்ளத்தில் வந்து புத்தளத்திலேயே தங்கிவிட்ட ஒரு முஸ்லிம் மனிதர். அதன்பிறகு அண்ணன் எங்கே போனாலும் அவருடைய ஓட்டோதான். ஹோட்டலில் அண்ணன் மெனுவைப் பார்க்காமலே ஓடர் செய்தார். ஓட்டோக்காரரையும் உள்ளே வரச்சொல்லி, எங்கள் மேசையில் இருத்தினார். என் கணவர் முள்ளுக்கரண்டியை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கையால் சாப்பிட, அண்ணனும் தன்னுடையதை வைத்துவிட்டுக் கையால் சாப்பிட்டார். எனக்கு அது சந்தோசமாக இருந்தது.

“மகள் வந்தா இங்கதான் முதல்ல கூட்டிட்டு வரோணும். இந்தக் காத்துக்கு அவள் விழுந்திடுவாள்” என்று சொல்லிச் சிரித்தார்.

சாப்பிட்டபின் ஒரு கிளாஸ் வைன் கேட்டார். பிறகு இன்னொன்று. நாங்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பொழுது சாய்ந்து, ஹோட்டல்காரர்கள் மேசைகளில் விளக்கு வைத்தபோது ஐந்தாவதோ ஆறாவதோ கிளாஸ் வந்தது. திரும்பி வரும்போது ஓட்டோவில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார்.

அடுத்த நாளே தவறணைக்கு வரத் தொடங்கினார். பின்னேரம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்கும். “நெத்தலிப் பொரியல் ஒரு தட்டு. என்ட தங்கச்சி கையால.” அதைச் சொல்லும்போது அவருக்குப் பெருமை. மற்றவர்களும் சேர்ந்து கேட்பார்கள். அவர் பனியைப் பற்றிச் சொல்வார். தான் பராமரிக்கிற கிழவனார் எழும்பியதும் கோப்பி கேட்டுச் சண்டை பிடிப்பதைச் சொல்வார். அந்தக் கிழவனார் பேசுகிற மாதிரியே பேசிக் காட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள். பொழுது பட்டபின் நான் போய்விடுவேன். கடை பூட்டுகிற நேரம் ஓட்டோக்காரர் அவரைக் கொண்டுவந்து விடுவார்.

“படியில பாத்துப் புடிங்க அக்கா. அண்ணன் இண்டைக்குக் கொஞ்சம் கூடக் குடிச்சிட்டார்” என்பார் அந்த மனிதர், ஏதோ தன் பிழை போல.

தை மாதம் முடிந்தது. அண்ணன் போகவில்லை.

“லீவ நீட்டிட்டேன்” என்றார்.

தவக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் மீன், இறைச்சி என்று மச்சம் எல்லாம் விட்டோம். அவர் தவறணையை விடவில்லை. ஈஸ்டருக்கு முதல்நாள் வெள்ளையடித்த அறையை நான் கூட்டித் துடைத்து, புது விரிப்பு விரித்தேன். எத்தனை மணிக்குப் பிளேன் என்று கேட்டேன். அவர் சவரம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடியைப் பார்த்தபடியே, “மகளுக்குக் காய்ச்சலாம். டிக்கட்ட மாத்தியாச்சு” என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். 

ஈஸ்டர் கழிந்து ஒரு மழை நாள். வெள்ளனவே இருட்டிக்கொண்டு வந்ததால் தவறணையில் ஆட்கள் இல்லை. அண்ணனும், பிஸ்கட் லொறி கொண்டுவந்து மழைக்கு ஒதுங்கிய ஒரு வெளியூர்க்காரரும் மட்டும்தான். இரண்டு பேரும் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள். தகரத்தில் மழை கொட்டியதால் சத்தமாகப் பேசினார்கள். நான் ஜன்னலுக்குப் பக்கத்தில் அடுப்படியில் நின்றேன்.

லொறிக்காரர் எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்று கேட்டார். எப்போதும் சொல்கிற பதிலைத்தான் அண்ணன் சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை. போக இடமில்லை என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். அந்தக் கிழவனார் செத்துப்போய்விட்டார். ஒரு பின்னேரம் அவர் சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் கண்ணயர்ந்திருக்கிறார். அண்ணன் கதவைப் பூட்டிவிட்டு, கீழே தெருமுனையில் இருக்கிற பாருக்கு ஒரு கிளாஸ் குடிக்கப் போயிருக்கிறார். ஒன்று என்று போனது ஒன்றோடு நிற்கவில்லை. திரும்பி வந்தபோது கிழவனார் கதிரைக்கும் கதவுக்கும் நடுவில் கிடந்திருக்கிறார். பிள்ளைகள் வந்தார்கள், பொலிஸ் வந்தது. அண்ணன் மேல் வழக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஊரில் அவருக்கு வேலை கொடுக்க யாரும் இல்லை. அண்ணி பல வருடம் அவருடைய குடியைப் பொறுத்தவள். அன்றைக்கு அவருடைய உடுப்புகளைப் பெட்டியில் போட்டு வெளியில் வைத்தாள். மகள் தாய்க்குப் பின்னால் நின்றாள்.

“கத்தியிருந்தாலும் பரவாயில்லை, அவள் என்னைப் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள்” என்று அண்ணன் அந்தச் சிங்களத்திலேயே சொன்னார்.

லொறிக்காரர் ஏதோ மெதுவாகச் சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. மழை குறைந்ததும் அவர் எழும்பிப் போய்விட்டார். தாச்சியில் நெத்தலி கருகிப் புகைந்தது. நான் அதை இறக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, ஒருநாளும் போகாத முன்பக்கத்துக்குச் சுற்றிப் போனேன். முதலாளி பதறி எழும்பினார். அண்ணன் ஒரு மூலை மேசையில், சுவரைப் பார்த்தபடி இருந்தார். திரும்பி என்னைக் கண்டார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது.

“தங்கச்சி, என்னமோ கருகுது, போய்ப் பாரு” என்றார்.

நான் திரும்பிப் போய்ப் பார்த்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய், அந்த அறையில் விரித்திருந்த விரிப்பை மட்டும் மடித்து அலுமாரியில் வைத்தேன்.

புத்தர் பிறந்த பௌர்ணமியான வெசாக் போயாவுக்கு நாடு முழுக்கச் சாராயக் கடைகள் பூட்டியிருக்கும். வேறு ஆட்கள் முதல்நாளே போத்தல் வாங்கி ஒளித்து வைப்பார்கள். அண்ணன் வைக்கவில்லை. காலையில் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தார். “எங்கயாவது போவம்” என்றார். ஓட்டோக்காரரைக் கூப்பிட்டு, என் கணவரும் நானும் அவருமாக எலுவன்குளம் ஆற்றுக்குக் குளிக்கப் போனோம். வழியெல்லாம் வெசாக் விளக்குக் கூடுகள் தொங்கின. வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகச் சாப்பாடு போடுகிற ஒரு தன்சலில் மறித்து, எங்கள் நாலு பேரையும் வாங்கில் இருத்திச் சோறு போட்டார்கள். அண்ணன் இரண்டு வாய்க்குமேல் சாப்பிடவில்லை. வேர்த்துக் கொட்டியது. ஓட்டோக்காரர் தன் கைலேஞ்சியைத் தண்ணீரில் நனைத்து அவரிடம் கொடுத்தார்.

எலுவன்குளத்தில் வில்பத்துக் காட்டு ஓரமாக ஆறு ஓடுகிறது. ஆட்கள் குளிக்கிற துறையை விட்டு மேலே நடந்து, மருத மரங்களுக்குக் கீழே ஒரு இடம் பிடித்தோம். ஆண்கள் குளித்தார்கள். என் கணவரும் ஓட்டோக்காரரும் அப்பால் நீந்திப் போக, அண்ணன் கரைக்குப் பக்கத்தில் கழுத்தளவு தண்ணீரில் இருந்தார். நான் கல்லில் இருந்து காலைத் தொங்கப் போட்டிருந்தேன்.

“அண்டைக்குக் கேட்டியா?” என்றார்.

“கேட்டேன்.”

“மச்சானுக்குச் சொன்னியா?”

“இல்ல.”

அவர் தண்ணீருக்குள் தலையை அமிழ்த்தி, எழும்பி, முகத்தை வழித்தார்.

“டொக்டர் சொன்னவர், நான் பக்கத்தில நிண்டிருந்தாலும் காப்பாத்தி இருக்க ஏலாது எண்டு. ஒரு நிமிசத்தில போயிருக்கு.”

“பிறகென்ன அண்ணே? பக்கத்தில இருந்து நீங்க என்னதான் செய்திருப்பீங்க?”

“கையப் பிடிச்சிருப்பேன்” என்றார்.

 மேலே குரங்கு ஒன்று கொப்பை உலுக்கி, இலைகள் தண்ணீரில் விழுந்தன. நான் ஒன்றே ஒன்று கேட்டேன். “அண்ணே, இண்டையோட விடுங்களேன். மகளுக்காகவாவது.”

“பாப்பம்” என்றார்.

அவர் விட்டார். நான் நம்பவில்லை, ஆனால் விட்டார். முதல் சில நாள் நரகம். சத்தி எடுத்தார், தூக்கமில்லாமல் முற்றத்தில் நடந்தார், இல்லாத பூச்சிகளைத் தட்டினார். ஓட்டோக்காரர் பின்னேரங்களில் வந்து அவரோடு இருந்து, மன்னாரில் தங்கள் வளவில் நின்ற பனைகளைப் பற்றி, இப்போது திரும்பிப் போய்ப் பார்த்தால் காடாகக் கிடப்பதைப் பற்றிக் கதைப்பார். அண்ணன் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு கோப்பையை ஒரு கையால் பிடித்தார். என் கணவரோடு களப்பில் நண்டுக் கூடு வைக்கப் போனார். முகம் கறுத்து, உடம்பு இறுகியது. தவறணையில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எங்கே இத்தாலிக்காரன் என்று கேட்டுப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் கேட்பதை விட்டார்கள்.

ஆவணியில், கடற்கரை ஊரான தலவில் அன்னம்மாள் கோயில் திருநாள். எங்கள் ஆட்களுக்கு அதுதான் வருடத்தில் ஒருமுறை வருகிற லீவு. பாய், சட்டி, அரிசியெல்லாம் கட்டிக்கொண்டு போய், கோயிலைச் சுற்றியுள்ள மரங்களுக்குக் கீழே கொட்டில் போட்டு நாட்கணக்கில் தங்குவோம். கடலில் குளிப்பு, பூசை, சமையல், இரவில் வெளிச்சம், விளையாட்டுச் சாமான் கடைகள். அங்கே சாராயம் கொண்டுவரக்கூடாது. சிலர் மணலுக்குள் புதைத்து வைத்துக் குடிப்பார்கள். அண்ணன் அந்தப் பக்கமே போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளுடைய போனுக்கு அவர் எடுப்பது எனக்குத் தெரியும். மணி அடித்து ஓயும். அந்த ஞாயிறு கொட்டிலுக்குப் பின்னால் நின்று எடுத்தார். திடீரென்று அவர் குரல் மாறியது.

“தலவில்ல மகள்... ஓம், சத்தம்தான். திருநாள்... ஓம், நல்லா இருக்கு.”

 போனை என் கையில் திணித்துவிட்டுக் கடல் பக்கமாகப் போனார். நான் காதில் வைத்தேன். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தடக்கித் தடக்கித்தான் வந்தது.

“மாமி, அப்பா குடிக்கிறாரா?”

“இல்ல மகள். வெசாக்குக்குப் பிறகு ஒரு சொட்டும் இல்ல.”

“உண்மையா?”

“அன்னம்மாள் கோயில்ல நிண்டு சொல்றேன்.”

 “நத்தார் லீவுக்கு வர அம்மாட்டக் கேக்கிறேன்” என்றாள்.

அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் சிரிப்பு இருந்தது. அண்ணன் மறுபடியும் ஏணியில் ஏறி, அந்த அறைக்கு நீல நிறம் பூசினார். மகளோடு கற்பிட்டிக்கு, பிறகு டொல்பின் பார்க்கக் கடலுக்கு, பிறகு எலுவன்குளத்துக்கு என்று போகிற இடங்களைச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஓட்டோக்காரர் சீற்றுக்குப் புது உறை போட்டார்.

நத்தாருக்கு முன் ஒரு பின்னேரம் மகள் போன் எடுத்தாள். நான் வேலைக்குப் போயிருந்தேன். என் கணவர்தான் வீட்டில் இருந்தார். தாய் சம்மதிக்கவில்லையாம். அண்ணன் அமைதியாகத்தான் பேசினாராம். “சரி மகள். பரவாயில்ல. படிப்புத்தான் முக்கியம். அம்மாவோட சண்டை பிடிக்க வேண்டாம்” என்று சொல்லி, போனை மேசையில் வைத்து, சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, நடந்துவரப் போகிறேன் என்று சொல்லிப் போனாராம்.

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது.

“நெத்தலி ஒரு தட்டு” என்றது அண்ணனின் குரல். என் தங்கச்சி கையால் என்று இந்தமுறை சொல்லவில்லை.

நான் முதலாளியைப் பின்பக்கம் கூப்பிட்டு, அவருக்குக் கொடுக்க வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டேன். முதலாளி கெட்ட மனிதர் இல்லை. தலையைச் சொறிந்தார். சிங்களத்தில் தங்கச்சி என்றுதான் என்னைக் கூப்பிடுவார்.

“நங்கி, நான் குடுக்காட்டி அடுத்த கடைக்குப் போவார். அங்கயும் குடுக்காட்டி கள்ளமாக் காய்ச்சின கசிப்பு குடிப்பார். இங்க எண்டா நீயும் இருக்கிற, நானும் இருக்கிறன்” என்றார்.

நான் நெத்தலியைப் பொரித்து ஜன்னலால் கொடுத்தேன். வெறும் வயிற்றில் குடிக்கக்கூடாதே என்று நினைத்தேன்.

அதன்பிறகு அவர் நிறுத்தவில்லை. எலுவன்குளத்துக்கு இன்னொருமுறை போவோம் என்று நான் சொன்னபோதெல்லாம், “அந்தத் தண்ணி குளிர்” என்பார். அடுத்த வருட மழைக்காலம் வருவதற்குள் அவருடைய வயிறு வீங்கி, கால்கள் வீங்கி, கண் மஞ்சளானது. ஆஸ்பத்திரியில் வைத்தோம். நானும் கணவரும் பார்வையாளர் நேரத்தில் மாறிமாறிப் போனோம். ஒருநாள் காலையில் இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். மணி அடிக்கவில்லை, இன்னும் உள்ளே விடவில்லை. அப்போதுதான் ஒரு நேர்ஸ் வந்து என் பெயரைக் கேட்டாள். விடியப்புறமே போய்விட்டாராம்.

பிரேதம் வீட்டில் இருந்தபோது தவறணை ஆட்கள் எல்லாரும் வந்தார்கள். வெள்ளைச் சேர்ட்டும் சாரமுமாக, தலை வாரி இழுத்து, வாசலில் வரிசையாக நின்றார்கள். யார் யார் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவர் தொண்டையைச் செருமினார். மரவள்ளிக்காரர் என்று அறிந்துகொண்டேன். இன்னொருவர் துக்கம் விசாரித்தபோது, எப்போதும் பாடுகிறவர் அவர்தான் என்று குரலில் தெரிந்தது. நினைத்ததைவிட வயது குறைந்தவர், ஒரு கண் பழுது. ஓட்டோக்காரர் மூன்று நாளும் வண்டி ஓட்டாமல் எங்கள் வீட்டு வேலைகளுக்கு ஓடித் திரிந்தார். சேமக்காலையில் எங்கள் ஆட்களோடு நின்று அவரும் மூன்று பிடி மண் போட்டார். அண்ணி என் கணவரின் போனுக்கு எடுத்து நீண்ட நேரம் அழுதாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். அவள் பட்டதை நான் பார்த்ததில்லை.

மருமகள் வந்தது அதற்குச் சில வருடங்களுக்குப் பிறகு. பல்கலைக்கழகத்தில் படிக்கிறாளாம்; சிநேகிதர்களோடு விடுமுறைக்குக் கற்பிட்டிக்கு வந்து, பட்டம் கட்டிக் கடலில் சறுக்கப் பழகிக்கொண்டிருந்தாள். ஒருநாள் மட்டும் அவர்களை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். உயரமான பிள்ளை. தோல் வெயிலில் உரிந்திருந்தது. சேமக்காலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மெழுகுதிரி கொளுத்தினோம், காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. அவள் அழவில்லை. பிறகு, அப்பா போய்க் குடிக்கிற அந்த இடத்தைக் காட்டுங்கள் என்றாள்.

கடை திறந்த கையோடு, ஆட்கள் சேர்வதற்கு முதல் கூட்டிப் போனேன். முதலாளி எங்களைக் கண்டு வெளியே பார்த்து, உள்ளே பார்த்து, கடைசியில் மூலை மேசையைத் துடைத்துவிட்டார். இரண்டு சோடா கொண்டுவந்து வைத்தார். மருமகள் மேசையின் மேல் கையை விரித்து வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். பெரிதாக ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் கதிரைகள், கலண்டர், ஒரு பழைய ரீவி.

“சின்னதில ஒருக்கா ஹொலிடே போனோம். ஒரு ஏரிக்கு” என்றாள், தமிழைத் தேடித் தேடி. “அப்பா எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்திட்டு, அஞ்சு நிமிசம் எண்டு சொல்லிப் பாருக்குள்ள போவார். நான் வெளியில இருந்து ஐஸ்கிரீமை மெதுவா, மெதுவா சாப்பிடுவேன். அவர் வாறதுக்கு முந்தி முடிஞ்சிடக்கூடாது எண்டு.”

நான் சோடாவை அவள் பக்கம் தள்ளி வைத்தேன்.

“ஆனா மாமி, அந்த ஹொலிடேதான் எனக்கு எல்லாத்திலயும் விருப்பம். அத ஏன் எண்டு எனக்கே தெரியாது.”

குசினிக்குப் போய் இறால் டெவல் செய்து கொடுத்தேன். உறைப்புத் தாங்காமல் கண்ணில் நீர் வடிய வடிய முழுத்தட்டையும் சாப்பிட்டாள். பின்னேரம் ஓட்டோக்காரர் வந்து அவளைத் திருப்பிக் கற்பிட்டிக்கு ஏற்றிக்கொண்டு போனார். நீல அறையில் ஓரிரவு தங்கச் சொன்னேன். சிநேகிதர்கள் காத்திருப்பார்கள் என்றாள். என் கணவரைக் கட்டிப் பிடித்தபோது அவர் மரம் போல நின்றார்.

அதன்பிறகு அவள் வரவில்லை. நத்தாருக்கும் ஈஸ்டருக்கும் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புவாள். பனி, ஒரு பாலம், சிநேகிதர்களோடு ஒரு மேசை. நானும் ஒரு படம் அனுப்புவேன். களப்பு, அல்லது பூத்திருக்கிற ஏதாவது ஒரு செடி. சில வேளை அவள் போனில் எடுப்பாள். எனக்கு அவளுடைய பாதித் தமிழும் அவளுக்கு என்னுடைய பேச்சும் சரியாக விளங்காது. சாப்பிட்டீங்களா என்று கேட்பாள். சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா என்று நான் கேட்பேன்.